பழைய ரீவி கேம் விளம்பரங்களை வெட்டி எடுக்காதீர்கள்

ஐப்பசி மழைக்கு முன் வீடு துப்புரவாக்கும் நாட்களில்தான் திருகோணமலையில் பழைய ரீவி கேம் பெட்டிகளும் சஞ்சிகைகளும் பழைய பேப்பர்காரரின் சைக்கிளில் ஏறுகின்றன. கொடுப்பதற்கு முன் ஒருமுறை பாருங்கள். வீடியோ கேம் வரலாற்றுப் புத்தகங்களில் பெரும்பாலானவை பல வருடங்கள் கழித்து, மனிதர்களின் ஞாபகத்தைக் கேட்டு எழுதப்பட்டவை. விளம்பரமோ அந்தக் காலத்திலேயே அச்சானது. ஆனால் அதன் வேலை விற்பது. ஆகவே இரண்டையும் பக்கத்தில் வைத்துத்தான் படிக்க வேண்டும்.

1972இல் அமெரிக்காவில் வந்த மக்னவொக்ஸ் ஒடிசியை எடுங்கள். வீட்டு ரீவியில் விளையாட விற்பனைக்கு வந்த முதல் கருவி அது. விளம்பரப் படங்களில் திரை நிறைய வண்ணம் தெரியும். கருவி வரைந்ததோ வெள்ளைப் புள்ளிகளும் ஒரு கோடும் மட்டுமே. சத்தம் கிடையாது, புள்ளிக் கணக்கும் கிடையாது. அந்த வண்ணம் ரீவிக் கண்ணாடியில் ஒட்டும் பிளாஸ்டிக் தாளில் அச்சிடப்பட்டது. ரீவியின் அளவைப் பொறுத்து இரண்டு அளவுகளில் தாள் கொடுத்தார்கள். பெட்டிக்குள் தாயக்கட்டையும் சீட்டும் விளையாட்டுக் காசும் இருந்தன. மக்னவொக்ஸ் முகவர்களிடமே அது விற்கப்பட்டதால், அந்தக் கம்பனி ரீவியில்தான் ஓடும் என்று பலர் நம்பினார்கள்.

1985இல் ஜப்பானியக் கம்பனியான நின்டெண்டோ தன் வீடியோ கேம் கருவியோடு அமெரிக்காவுக்குள் நுழைந்தபோது ஒரு குட்டி ரோபோவை முன்னே நிறுத்தியது. 1983இல் அங்கே வீடியோ கேம் விற்பனை சரிந்த பிறகு கடைக்காரர்கள் வீடியோ கேம் என்ற பெயரைக் கேட்டாலே பின்வாங்கினார்கள். அதனால்தான் பொம்மையைக் காட்டி, கருவிக்கு ‘என்டர்டெய்ன்மென்ட் சிஸ்டம்’ என்று பெயர் வைத்தார்கள். ரோபோவுக்கென வந்த விளையாட்டுகள் இரண்டே இரண்டு. விளம்பரத்தை மட்டும் பார்ப்பவர், எல்லோரும் ரோபோவோடு விளையாடினார்கள் என்றே எழுதிவிடுவார்.

நம் பக்கம் வந்தவை பெரும்பாலும் போலிக் கருவிகள். அவற்றுக்குப் பெட்டியே விளம்பரம். மேலே பிளேஸ்டேஷன் போன்ற உருவம் இருக்கும். மூடியைத் திறந்தால் சீடி வைக்கும் இடமில்லை, கசெட் செருகும் வாய்தான். கசெட்டின் முனையில் பக்கத்துக்கு 30ஆக 60 பித்தளை நிறத் தொடுகோடுகள் இருந்தால், அது 1983 ஜூலையில் ஜப்பானில் வெளியான நின்டெண்டோவின் ஃபெமிகொம் கருவி வழி வந்தது. அமெரிக்க நின்டெண்டோ கசெட்டில் 72 இருக்கும். ‘9999999 இன் 1’ என்று, அத்தனை விளையாட்டுகள் உள்ளதாகப் போட்டிருந்தால், திரையில் வரும் பட்டியலை முதல் பக்கத்திலிருந்து எழுதிக்கொண்டே போங்கள். அதே விளையாட்டு வேறு பெயரில் அல்லது நடுக்கட்டத்திலிருந்து தொடங்கும் விதமாக எந்த எண்ணில் திரும்ப வருகிறதோ, அங்கேயே உண்மையான தொகை தெரிந்துவிடும். பழைய அடப்டரை எடுத்தவுடன் செருகவேண்டாம். வோல்ட்டையும், நடுமுனை பிளஸா மைனஸா என்பதையும் கருவியின் அடியில் உள்ள குறியோடு ஒப்பிடுங்கள். மாறினால் உள்ளே எரிந்துவிடும்.

காகிதத்துக்கு இந்த ஊரில் எதிரி உப்புக்காற்றும் ஈரமும். டச்சு விரிகுடா, உட்துறைமுகப் பக்க வீடுகளில் சஞ்சிகையின் கம்பி ஊசிதான் முதலில் துருப்பிடிக்கும். பிடித்து இழுத்தால் தாள் கிழியும். உள்பக்கம் மடிந்த இரு கால்களையும் மெல்லிய தகட்டால் நிமிர்த்தி, வெளிப்பக்கமாக எடுத்து, அந்தத் துளைகளிலேயே பருத்தி நூலால் கட்டுங்கள். செலோரேப், லமினேற் இரண்டும் வேண்டாம். ரேப்பின் பசை மஞ்சளாகி மைக்குள் இறங்கும். லமினேற் செய்ததைத் திரும்பப் பிரிக்க முடியாது.

பளபளப்புத் தாள் நனைந்தால் வெயிலில் போடாதீர்கள். அதன் மேற்பூச்சு ஈரத்தில் பசையாகும், காய்ந்ததும் முழுச் சஞ்சிகையும் ஒரே கட்டியாகிவிடும். ஈரமாக இருக்கும்போதே பக்கங்களைப் பிரித்து இடையில், கேக் சுடும்போது தட்டில் போடும் ஒட்டாத தாளை வையுங்கள். அதற்கு நேரமில்லையென்றால் பொலித்தீனில் சுற்றி ஃப்ரீசரில் வைத்துவிடலாம், பிறகு ஆறுதலாகப் பிரிக்கலாம். நனைந்தபடியே வெளியில் இரண்டு நாள் தாண்டினால் பூஞ்சணம் வந்துவிடும். வைக்கும் அலுமாரி வெளிச்சுவரை ஒட்டாமல், நிலத்திலிருந்து உயர்ந்திருக்கட்டும். பூச்சி உருண்டை சில பிளாஸ்டிக்குகளை இளக்கும். கருவியோடு சேர்த்து வைக்காதீர்கள்.

ஸ்கேன் செய்யும்போது 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி), வண்ணம், படத்தின் விவரம் குறையாமல் சேமிக்கும் டிஃப் (TIFF) கோப்பு. தாளின் பின்னால் கறுப்புக் காகிதம் வைத்தால் மறுபக்க எழுத்து தெரியாது. விளம்பரப் பக்கத்தை மட்டும் எடுத்தால் அரைவாசி வேலைதான். அட்டையும் பொருளடக்கமும் பக்க எண்ணும் சேர்ந்தால்தான் அதற்கு ஒரு காலம் கிடைக்கும். அமெரிக்கச் சஞ்சிகைகளில் அட்டையில் இருக்கும் மாதத்துக்கு முன்பே இதழ் கடைக்கு வந்துவிடும். விளம்பரம் அதற்கும் முன்னால் தயாரானது. படத்தில் இருக்கும் காட்சி விளையாட்டில் இல்லாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பெட்டியில் ஒட்டிய விலைச் சீட்டைச் சுரண்டி எடுப்பதுதான் எங்களுக்கு மிகவும் வலிக்கிறது. அமெரிக்கா, ஜப்பான் கதையை எழுதப் பலர் இருக்கிறார்கள். உவர்மலையிலோ நிலாவெளியிலோ ஒரு பிள்ளை எந்தக் கடையில், எத்தனை ரூபாய்க்கு இதை வாங்கியது என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. போருக்கும் 2004 ஆழிப்பேரலைக்கும் தப்பிய பெட்டிகள் கொஞ்சம்தான். வீட்டில் வாங்கியவர் இருந்தால் இப்போதே கேளுங்கள்: வாங்கிய வருடம், கடை, விலை, கூட வந்த கசெட்டுகள். பேனையால் பெட்டியில் எழுதாமல், தனித்தாளில் பென்சிலால் எழுதி உள்ளே வையுங்கள்.