தஹப்னா தங்கமா, பொன்னா?

ஏமன்ல மாரிப்ங்கற ஊர்ப் பக்கத்துல இருக்கற, பழைய சபா நாட்டு அவ்வாம் கோயில் கல்வெட்டுகளப் படிச்சா ஒரே விஷயம் திரும்பத் திரும்ப வரும், இன்னார் அல்மகா சாமிக்கு 'தஹப்'ல ஒரு சிலை குடுத்தாரு, இன்னொருத்தர் தஹப்ல ஒரு காளை நேர்ந்து வெச்சாரு. இன்னைக்கு அரபில தஹப்னா தங்கம்தான், அதனால தமிழ்ல எழுதும்போது கை தானா 'தங்கக் காளை'ன்னு போயிடும். அங்கதான் தப்பு. அந்தக் கல்வெட்டுகள்ல தஹப்னு வர்ற சிலைகள் பெரும்பாலும் வெண்கலம்.

சபா நாட்டு எழுத்துல உயிரெழுத்து கெடையாது, மெய் மட்டும்தான், அதனால கல்லுல இருக்கறது த-ஹ-ப மூணே எழுத்து. எபிரேயத்துல தங்கத்துக்குச் சொல்ற 'ஸஹாவ்' இதே வேர். ஆனா தென் அரேபியால இந்தச் சொல் தங்கத்தோட நிக்கல, புதுசா வார்த்த வெண்கலமும் மஞ்சளாத்தான தகதகன்னு இருக்கும், அதையும் தஹப்னே சொல்லிட்டாங்க.

நமக்கு இது புதுசே இல்ல. நம்ம 'பொன்'னும் அப்படித்தான்! பொன்னுன்னா தங்கம், பொதுவா உலோகமும் பொன், இரும்பு கரும்பொன், வெள்ளி வெண்பொன். ஐம்பொன் சிலைல பெரும்பங்கு செம்புதான், இருந்தாலும் பேர்ல பொன் இருக்குல்ல. அதனால தஹப்புக்கு 'பொன்'னுதான் சரியான தமிழ்ச் சொல், 'பொற்காளை'ன்னு எழுதினா ரெண்டு அர்த்தமும் உள்ள அடங்கிடும், இங்கிலீஷ்காரங்களுக்கு இந்த வசதி இல்ல.

அதுக்காக அவங்ககிட்ட தங்கமே இல்லன்னு நெனைக்க வேணாம். சபா மாதிரியே தென் அரேபியால இருந்த கதபான் நாட்டுத் தலைநகரான திம்னா இடுகாட்டுல 1950கள் தொடக்கத்துல தோண்டினப்ப பிறை வடிவப் பதக்கத்தோட ஒரு சங்கிலி கெடைச்சுது, அது அசல் தங்கம். அதே ஊர்ல 1950ல கெடைச்ச, மேல சின்னப் பையன் உக்காந்திருக்கற ரெண்டு சிங்கமும் வெண்கலம். செங்கடல் ஓர அரபு மக்கள் தங்கக் கட்டிகள ஓட்டை போட்டு, நடுநடுவுல பளிங்கு மாதிரி கல் வெச்சு கோத்து கழுத்துலயும் கையிலயும் போட்டுகிட்டாங்கன்னு கிரேக்கர் ஸ்டிராபோ எழுதியிருக்காரு, அதுல சின்னதே ஒரு பழக்கொட்டை அளவாம். அந்தத் தங்கத்த மூணு மடங்கு வெண்கலத்துக்கு மாத்திக்குவாங்களாம். அப்படிப் பாத்தா சாமிக்கு வெண்கலக் காளை குடுத்தது மட்டமான காணிக்கையே இல்ல.

இன்னொரு சிக்கலும் இருக்கு. நாலு பக்கமும் வாசனைப் பொருள் பேர் செதுக்கின சின்னக் கல் தூபக்கால்கள்லயும் கோஷ்டம்ங்கற வாசனை வேரோட சேந்து இதே தஹப் வருது, அங்க அது ஏதோ ஒரு நறும்புகை. அத வெச்சு, குழந்தை இயேசுவுக்கு சாஸ்திரிகள் கொண்டுவந்த பொன், தூபவர்க்கம், வெள்ளைப்போளம் மூணுல மொதலாவதும் வாசனைப் பொருளா இருந்திருக்கலாம்னு சில ஆய்வாளர்கள் சொல்றாங்க. அந்த தஹப்ப மட்டும் பொன்னுன்னு மாத்தாம, அப்படியே தஹப்னு விட்டுடறதுதான் நல்லது.