கோலி: வலைக்கு முன்னால் நிற்பவருக்குத் தமிழில் என்ன பேர்?

ஐஸ் ஹாக்கியின் ‘கோல்டெண்டர்’ என்றால் நம்ம ஊர்க் காதில் முதலில் விழுவது மாநகராட்சி டெண்டர்தான். கால்வாய் தூர்வார டெண்டர், குப்பை அள்ள டெண்டர், இப்போது கோல் போடவும் டெண்டரா என்று வண்ணாரப்பேட்டையில் யாராவது கேட்டால் சிரிக்காதீர்கள். இரண்டு டெண்டருக்கும் பூர்வீகம் ஒன்றுதான். இலத்தீனில் ‘தெந்தெரே’ என்றால் நீட்டுதல். விலையை எழுதி நீட்டுவதால் ஒப்பந்தப்புள்ளி டெண்டர் ஆனது. கவனத்தை ஒன்றின் பக்கம் நீட்டுவது ‘அட்டெண்ட்’. அதன் முன்னெழுத்து தேய்ந்து ‘டெண்ட்’ என்றாகி, ஆடு மேய்ப்பது, நோயாளியைப் பார்த்துக்கொள்வது, அடுப்பு அணையாமல் கவனிப்பது எல்லாவற்றுக்கும் ஆங்கிலத்தில் வழங்கியது. ‘கோல்’ என்பது இடைக்கால ஆங்கிலத்தில் எல்லையைக் குறித்த சொல்; அதற்கும் முந்தைய வேர் எது என்பது சொல்லாய்வாளர்களுக்கே பிடிபடவில்லை. ஆக, கோல்டெண்டர் என்பவர் எல்லையைப் பார்த்துக்கொள்பவர். கால்பந்திலும் நம்முடைய ஹாக்கியிலும் ‘கீப்பர்’ என்று அழைக்கப்படுகிற ஆளுக்கு ஐஸ் ஹாக்கியில் இதுதான் பெயர். செல்லச் சுருக்கம் ‘கோலி’.

இந்தச் சுருக்கம் நமக்கு அந்நியமில்லை. கால்பந்துப் பித்தால் ‘குட்டி பிரேசில்’ என்று பேர் வாங்கிய வியாசர்பாடியில் “கோல்ல யார்ரா நிக்கிறது?” என்ற கேள்வி எழாத சாயங்காலம் கிடையாது. கீப்பர், கோலி இரண்டுமே அங்கே காதில் விழும். ஆனால் எழுத்தில் வந்தால் சங்கடம். ‘கோலி’ என்று தேடினால் விராட் கோலி வந்து நிற்பார். வீட்டுப் பெரியவர்களிடம் சொன்னால் கோலி குண்டும் கோலி சோடாவும்தான் ஞாபகம் வரும்.

சரி, அந்த ஆள் என்னதான் செய்கிறார்? காசிமேட்டில் ஐஸ் என்றால் மீன் பெட்டிக்குள் கொட்டுவது. அதன்மேல் நின்று ஆடுவது நமக்குக் கற்பனைதான். இந்தியாவில் அதை ஆடுகிறவர்கள் பெரும்பாலும் லடாக் பகுதிக்காரர்கள். நம் நாட்டுப் பெண்கள் அணி 2025-இல் ஐக்கிய அரபு அமீரகத்தின் அல் ஐன் நகரில் நடந்த ஆசியக் கோப்பையில் வெண்கலம் வென்றது. ஐஸ் ஹாக்கியில் பந்து இல்லை, ‘பக்’ இருக்கிறது. 3 அங்குல விட்டம், 1 அங்குலத் தடிமன், அதிகபட்சம் 170 கிராம் எடை, கெட்டி ரப்பர். துள்ளாமல் வழுக்க வேண்டும் என்று ஆட்டத்துக்கு முன் உறைய வைப்பார்கள். கேரம் பலகையில் ஸ்ட்ரைக்கர் பாய்வது போலத்தான் அதுவும் பாயும், ஆனால் சில சமயம் மணிக்கு 160 கிலோமீட்டருக்கும் மேலே, தரையை விட்டுக் கிளம்பி முகத்துக்கு நேராக. ‘பக்’குக்குத் தமிழ் தேட வேண்டியதே இல்லை: வட்டு. வள்ளுவர் காலத்திலேயே வட்டாடியிருக்கிறார்கள். அரங்கு வரையாமல் வட்டாடுவதை அவர் கேலி செய்கிறார்.

கோல் சட்டம் 6 அடி அகலம், 4 அடி உயரம். கால்பந்தின் 24-க்கு 8 அடியோடு பார்த்தால் சின்னதுதான். ஒரு கையில் வட்டைப் பிடிக்கும் உறை, மறு கையில் தட்டிவிடும் பலகை உறையும் மட்டையும், கால்களில் 11 அங்குல அகலப் பட்டைகள். பிடிப்பதைவிட மறிப்பதுதான் இவர் வேலையில் அதிகம்.

இந்த மறிக்கும் வேலை ஆரம்பத்தில் நின்றபடியே நடந்தது. விழுந்து தடுத்தால் அபராதம். கிளின்ட் பெனடிக்ட் என்பவர் தவறி விழுவது போல அடிக்கடி மண்டியிட்டுத் தடுத்ததால் ‘பிரார்த்தனை பென்னி’ என்றே கிண்டலடித்தார்கள். கடைசியில் 1918-இல் வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீக் விதியையே மாற்றிவிட்டது. ஒரு விளையாட்டில் ஏமாற்றுவதாகச் சொல்லப்பட்டதே சட்டமானது அபூர்வம்.

முகமூடிக்கு அதைவிட அதிகம் காத்திருக்க வேண்டியிருந்தது. 1959 நவம்பர் 1, நியூயார்க்கின் மாடிசன் ஸ்கொயர் கார்டன். மான்ட்ரியல் கனேடியன்ஸ் அணியின் கோலி ஜாக் பிளான்ட் முகத்தில் எதிரணியின் ஆண்டி பாத்கேட் அடித்த வட்டு மோதிக் கிழித்தது. பயிற்சியில் மட்டும் போட்டுப் பழகிய கண்ணாடியிழை முகமூடி அவரிடம் இருந்தது. பயிற்சியாளர் டோ பிளேக்குக்கு அது பிடிக்காது. பார்வையை மறைக்கும், ஆளைக் கோழையாக்கும் என்பது அன்றைய நினைப்பு. தையல் போட்டுக்கொண்டு வந்த பிளான்ட், முகமூடி இல்லாமல் இறங்க மாட்டேன் என்றார். அந்தக் காலத்தில் அணியோடு மாற்றுக் கோலி வருகிற வழக்கமில்லை, பிளேக்குக்கு வேறு வழியில்லை. மான்ட்ரியல் 3-1 என்று வென்றது. பிளான்டுக்கு இன்னொரு பழக்கமும் உண்டு, தன் கம்பளித் தொப்பிகளைத் தானே பின்னிக்கொள்வார்.

முகமூடிக்கு முந்தைய கோலிகளின் வாழ்க்கையைப் படித்தால் வயிற்றைப் பிசையும். டெர்ரி சாச்சக் ஒரு கோலும் விடாமல் முடித்த ஆட்டங்கள் 103. முகத்தில் வாங்கிய தையல்கள் நூற்றுக்கணக்கில். 1970-இல் இறந்தபோது வயது 40. கிளென் ஹால் முகமூடியே இல்லாமல், இடைவெளியே இல்லாமல், 502 லீக் ஆட்டங்கள் நின்றார். ஆட்டத்துக்கு முன் பதற்றத்தில் வாந்தி எடுப்பது அவருக்கு வாடிக்கை. ஜார்ஜ் வெசினா 1910-இல் மான்ட்ரியல் அணிக்கு வந்ததிலிருந்து ஓர் ஆட்டத்தையும் தவறவிடாதவர். 1925 நவம்பர் 28 அன்று கடும் காய்ச்சலோடு இறங்கி, முதல் பகுதியோடு வெளியேறினார். காசநோய். நான்கு மாதத்தில் போய்விட்டார். சிறந்த கோலிக்கான விருது இன்றும் அவர் பெயரில்தான். பிளான்ட் அதை ஏழு முறை வாங்கினார்.

இன்றைக்குத் தொழில் வேறு மாதிரி. முழங்கால்களைச் சேர்த்துக் கீழே போட்டு, கால்களை இரு பக்கமும் விரித்து, கோலின் அடிப்பகுதி முழுவதையும் அடைக்கும் ‘பட்டாம்பூச்சி’ நிலையை பேட்ரிக் ருவா பரவலாக்கினார். நீட்டுதல் என்ற இலத்தீன் பொருள் அங்கே தற்செயலாகப் பொருந்திவிடுகிறது. அதற்குக் கொடுக்கும் விலை இடுப்பு மூட்டுதான். லீக்கில் 32 அணிகள், ஓர் ஆட்டத்துக்கு ஓர் அணியில் இரண்டு கோலிகள், ஆக மொத்தம் 64 இடம். அதிலும் பாதிப் பேர் பெரும்பாலான ஆட்டங்களில் பெஞ்சில். கீழ்நிலை லீக்குகளில் பஸ் பயணத்திலேயே வயதைக் கரைத்தவர்கள் ஏராளம். மறுகோடியில் மார்ட்டின் புரோடர்: 691 வெற்றி, கோல் விடாத ஆட்டங்கள் 125.

இவருக்குத் தமிழில் என்ன வைப்பது? ‘இலக்குக் காப்பாளர்’ என்று சிலர் எழுதுகிறார்கள். கிரிக்கெட்டில் விக்கெட்டுக்கும் இலக்கு, துரத்த வேண்டிய ஓட்டத்துக்கும் இலக்கு, இங்கேயும் இலக்கு என்றால் வாசகர் எங்கே போவார்? ‘வலைக்காவலர்’ கேட்க நன்றாக இருக்கிறது. ராயபுரத்தில் சொல்லிப் பாருங்கள், மீன் வலையை ராத்திரி யார் திருடப் போகிறார்கள் என்பார்கள். ‘கோல் காவலர்’ இன்னும் மோசம். தமிழில் கோல் என்றால் கம்பு, தமிழ்நாட்டில் காவலர் என்றால் போலீஸ். லத்தி சார்ஜ்தான் கண்முன் வரும்.

மிஞ்சுவது ‘கோல் காப்பாளர்’. கோல் இங்கே இரவல் சொல்தான், இருந்துவிட்டுப் போகட்டும். கால்பந்து பார்க்கிற யாருக்கும் அதற்கு அகராதி தேவையில்லை. என் ஓட்டு விழுவது ‘காப்பாளர்’ பக்கம். விடுதிக் காப்பாளர் பூட்டைக் காப்பவர் இல்லை, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவர். ‘கீப்’பும் ‘டெண்ட்’டும் ஆங்கிலத்தில் இரண்டாகப் பிரிந்து நிற்க, தமிழ்க் ‘காப்பு’ இரண்டையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறது. புலமை வேண்டுவோருக்கு நொச்சித் திணை இருக்கிறது: முற்றுகைக்குள் நின்று மதில் காப்பது. புறப்பொருள் வெண்பாமாலை அதைத் தனித் திணையாகவே வைக்கிறது. ‘நொச்சியார்’ என்று பேர் வைக்கலாம், மைதானத்தில் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். பேச்சில் கோலியே போதும்.

கூட வரும் சொற்களில் ‘சேவ்’ என்பதற்குத் தடுப்பு, ‘ஷட் அவுட்’ என்பதற்குக் கோல் விடாத ஆட்டம். கோலி நிற்கும் நீலத் திட்டுக்குப் பெயர் ‘கிரீஸ்’. கிரிக்கெட் புண்ணியத்தில் அது அப்படியே புரியும்.

ஒரே ஒரு சொல்தான் உதைக்கிறது. இரண்டு கோலிகளும் அடிபட்டால் இறக்க அரங்கிலேயே ஒருவரை வைத்திருப்பார்கள், ‘எமர்ஜென்சி கோலி’. 2020 பிப்ரவரி 22 அன்று டொரான்டோவில் அப்படி இறங்கியவர் டேவிட் அயர்ஸ். வயது 42, சிறுநீரக மாற்று சிகிச்சை செய்துகொண்டவர், ஐஸ் தளத்தைச் சமன்செய்யும் வண்டி ஓட்டியவர். முதல் இரண்டு அடிகளும் கோல். அதன்பின் ஒன்றையும் விடவில்லை. எட்டுத் தடுப்புகள், அவர் நின்ற கரோலினா அணி 6-3 என்று ஜெயித்தது. ‘அவசரக் கோலி’ என்று எழுதினால் அவர் ஏதோ பதற்றக்காரர் போலாகிறது. ‘கைமாற்றுக் காப்பாளர்’ என்று எழுதலாம் என்று தோன்றுகிறது. கைமாற்று வாங்கி, தேவை தீர்ந்ததும் திருப்பிக் கொடுத்துவிடுவது நம் தெருக்களில் எல்லோருக்கும் தெரிந்த ஏற்பாடு.