வைட்டமின் டி: வாரம் ஒன்று என்றால் வாரம் ஒன்றுதான்

இந்த வருடத்தில் இப்படி வந்த மூன்றாவது ஆள். 68 வயது அம்மா. பத்து நாளாகச் சோறு இறங்கவில்லை, வாந்தி, மலச்சிக்கல், சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தும் தாகம் அடங்கவில்லை, இரண்டு நாளாக ஒன்று கேட்டால் வேறொன்று சொல்கிறார். பக்கவாதமோ என்று பயந்துபோய் மகன் அழைத்து வந்தார். ரத்தத்தில் கால்சியம் 13.9. சாதாரணமாக 10.5-ஐத் தாண்டக் கூடாது. சிறுநீரகம் தடுமாறுவதைக் காட்டும் கிரியாட்டினினும் ஏறியிருந்தது.

சாப்பிடும் மருந்தையெல்லாம் கொண்டுவரச் சொன்னேன். மஞ்சள் பையைக் கவிழ்த்தார். சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை, நடுவில் 60,000 யூனிட் வைட்டமின் டி காப்ஸ்யூல். கால் குடைச்சலுக்காக யாரோ வாரம் ஒன்று எட்டு வாரத்துக்கு எழுதியது. மருந்துக்கடைக் கவரின்மேல் பேனாவால் 1-0-0, அதாவது காலையில் ஒன்று, என்று இருந்தது. அந்த அம்மா தினமும் காலையில் மற்ற மாத்திரைகளோடு சேர்த்துப் போட்டிருக்கிறார். பில்களைக் கூட்டினால், நான்கு நான்காக 17 அட்டை. மொத்தம் 4.8 லட்சம் யூனிட் போகவேண்டிய உடம்பில் 40 லட்சத்துக்கு மேல் போயிருக்கிறது.

“சத்து மாத்திரைதானே டாக்டர், கூடக்குறைய ஆனால் என்ன, மிச்சம் சிறுநீரில் போய்விடாதா?” என்றார் மகன். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது, ஆனாலும் சொல்கிறேன். பி காம்ப்ளெக்ஸ் போட்டால் சிறுநீர் மஞ்சளாகப் போகிறதே, அதைப் பார்த்துத்தான் எல்லா வைட்டமினும் அப்படி என்று நினைக்கிறார்கள். பி, சி எல்லாம் நீரில் கரைபவை, பெரும்பாலும் வெளியேறிவிடும். டி கொழுப்பில் கரைவது. உடம்புக் கொழுப்பில் போய்த் தங்கிவிடும், மாத்திரையை நிறுத்தினாலும் வாரக்கணக்கில் கசிந்துகொண்டே இருக்கும். வாரம் ஒன்று கொடுத்தால் போதும் என்பதே அது தங்குவதால்தான்! தினமும் போட்டால் சீக்கிரம் குணமாகாது, கால்சியம் ஏறிச் சிறுநீரகம்தான் கெடும்.

குறைபாடு நம் ஊரில் நிறையப் பேருக்கு இருக்கிறது, மறுக்கவில்லை. ரத்தத்தில் டி அளவு மில்லிக்கு 20 நானோகிராமுக்குக் கீழே இருந்தால் மருந்து வேண்டும். வழக்கமான முறை 60,000 யூனிட் வாரம் ஒருமுறை, எட்டு வாரம், வயிறார சாப்பிட்ட பிறகோ பாலோடோ. அப்புறம் நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். பிறகு மாதம் ஒன்றோ, தினம் 1,000 அல்லது 2,000 யூனிட்டோ அவர் சொல்வார். அளவைத் திரும்பப் பார்ப்பதென்றால் மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் போதும். மாதாமாதம் ரத்தம் கொடுத்துக் காசைக் கரைக்காதீர்கள்.

தயவுசெய்து பழைய சீட்டைக் காட்டித் திரும்பத் திரும்ப வாங்காதீர்கள். பக்கத்து வீட்டு அக்காவுக்கு வலி குறைந்தது என்று அவர் மருந்தை நீங்கள் போடாதீர்கள். ஒரு டாக்டர் காப்ஸ்யூல் கொடுத்திருக்க, இன்னொருவரிடம் போய் 6 லட்சம் யூனிட் ஊசியும் போட்டுக்கொண்டு வருபவர்களுக்கு என்ன சொல்வது? கால்சியம் மாத்திரையிலும் பெரும்பாலும் டி கலந்திருக்கும், அதையும் சொல்லுங்கள். சிறுநீரகக் கல், காசநோய் இருந்தாலோ, நீர் பிரிய மாத்திரை சாப்பிட்டாலோ முதலிலேயே சொல்லிவிடுங்கள். குழந்தைச் சொட்டுமருந்தைக் குத்துமதிப்பாக ஊற்றாமல், அந்தப் பாட்டிலோடு வரும் டிராப்பரால் அளந்தே கொடுங்கள். ஒவ்வொரு கம்பெனி மருந்திலும் ஒரு மில்லியில் உள்ள அளவு வேறு.

எழுதிக் கொடுக்கும் நாமும் ‘ஞாயிறு மட்டும்’ என்று தமிழிலேயே எழுதினால் கை தேய்ந்துவிடாது. அந்த வீட்டில் தினசரிக் காலண்டரில் ஞாயிறுகளை வட்டமிட ஒருவர் இருந்திருந்தால் இவ்வளவு நடந்திருக்காது.

நான்கு நாள் சலைன் ஏற்றினோம். இப்போது மகனை அடையாளம் கண்டு பேசுகிறார், இரண்டு இட்லி சாப்பிட்டார். கால்சியம் 11.2-க்கு இறங்கியிருக்கிறது. அடுத்த திங்கட்கிழமை மறுபடி பார்க்க வேண்டும்.