பலிச, பொலிசை, வட்டி

கன்னியாகுமரி மாவட்டம் குழித்துறைப் பக்கத்து வயதானவர்களிடம் கடனைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தால், வட்டி என்பதற்கு முன்னால் ‘பலிச’ என்றுதான் வாயில் வரும். மலையாளம் கலந்த பேச்சு என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். 1956 நவம்பர் 1 வரை, கேரளத்துக்கு முந்தைய திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடு சேர்ந்திருந்த மண், அப்படித் தோன்றுவது இயல்புதான். ஆனால் இது பழந்தமிழ்ச் சொல். சோழர் கல்வெட்டுகளில் இதன் முழு வடிவம் ‘பொலிசை’ என்று இருக்கிறது.

வேர் ‘பொலி’. பெருகு, தழை என்று பொருள். நாஞ்சில் நாட்டுக் களத்தில் தூற்றிக் குவித்த நெல்லும் பொலிதான். கோயில் விளக்குக்கென்று ஒருவர் பொன்னோ காசோ கொடுப்பார், ஊர்ச்சபை அதை வாங்கிக்கொண்டு, ஆண்டுதோறும் வரும் பொலிசையில் விளக்கெரிக்கும். முதல் தொகையில் கைவைக்கக் கூடாது. காசுக்குப் பதில் ஆடு கொடுத்தால் அதற்குப் பெயர் ‘சாவா மூவாப் பேராடு’. கிழடானதும் செத்ததும் கழிந்து, குட்டிகள் அந்த இடத்தை நிரப்பி, மந்தையின் எண்ணிக்கை குறையாமல் நிற்கும். கிடைக்கும் நெய் விளக்குக்குப் போகும். முதல் எது, வருமானம் எது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரியவில்லை.

‘வட்டி’ என்ற சொல்லை வடமொழி ‘விருத்தி’யிலிருந்து பிராகிருதம் வழியாக வந்ததாகப் பெரும்பாலும் சொல்வார்கள். அதற்கும் வளர்ச்சி என்றே பொருள். சரி, ஊரெல்லாம் புழங்கும் வட்டியை விரட்ட வேண்டாம். நேர்த் தமிழ்ச் சொல் கேட்டால் பொலிசை என்று தயங்காமல் சொல்லலாம்.

யாருக்குப் பொலிகிறது என்பதுதான் அடுத்த கேள்வி. தனிவட்டி, கூட்டுவட்டி இரண்டுக்கும் நம் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு தெரியும். ஆனால் தெருவில் ‘ரெண்டு வட்டி’ என்றால் நூற்றுக்கு மாதம் 2 ரூபாய், ஆண்டுக்கு 24 சதவீதம். இந்த மொழிபெயர்ப்பு எந்தத் தேர்விலும் வருவதில்லை.

என் அண்ணன் மகள் பத்தாம் வகுப்பு. வீட்டில் தவணைக்கு ஒரு போன் வாங்கினார்கள். 12,000 ரூபாய்க் கடன், ‘ஆண்டுக்கு 12 சதவீதம்’, மாதம் 1,120 வீதம் 12 தவணை. சீட்டை அவளிடம் கொடுத்தேன். “1,440 ரூபாய் வட்டி, கணக்கு சரிதானே சித்தப்பா?” என்றாள். ஆறு தவணை கட்டி முடித்தால் முதல் தொகையில் எவ்வளவு பாக்கி என்று கேட்டேன். 6,000 என்றாள். அப்போதும் மாத வட்டி எவ்வளவு? விரலைத் தவணைக் கட்டத்தின் மேல் வைத்தவள் கொஞ்ச நேரம் எடுக்கவில்லை. அதே 120. பாதிக் கடன் அடைந்த பிறகும் முழுக் கடனுக்கு வட்டி. குறைந்துவரும் பாக்கிக்குக் கணக்கிட்டால் அந்த 12 உண்மையில் 21 சதவீதத்தைத் தாண்டுகிறது.

கணக்கில் நல்ல மதிப்பெண் வாங்குகிற பிள்ளை அவள். குறை அவளிடம் இல்லை. அதனால்தான் உயர்நிலைப் பள்ளியில் பணக் கணக்கைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்கிறேன். ‘நிதிசார் கல்வியறிவு’ என்ற அலுவலகத் தமிழை விட ‘பணக் கணக்கு’ என்றால் வீட்டுக்குள்ளும் புரியும். அமெரிக்காவின் புளோரிடா மாநிலம் 2022இல் இதற்குச் சட்டமே இயற்றிவிட்டது. அங்கே உயர்நிலைப் பள்ளி முடிக்க இந்தப் பாடமும் தேறியாக வேண்டும். தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டின் சட்டம் கந்துவட்டி, மீட்டர் வட்டி, தினமும் வசூலிக்கும் தண்டல் எல்லாவற்றையும் பெயர் சொல்லித் தடுக்கிறது. சட்டம் பெயர் சொல்லும் தண்டலைப் பாடப்புத்தகமும் சொல்லட்டுமே.

கேள்வித்தாளில் இப்படி ஒன்று வரட்டும்: 10,000 ரூபாய்த் தண்டலில் 1,500 பிடித்துக்கொண்டு 8,500 கையில் தருகிறார்கள். நாளுக்கு 100 ரூபாய், 100 நாள் கட்ட வேண்டும். ஆண்டு வட்டி என்ன? விடை 120 சதவீதத்தை ஒட்டி வரும். குளச்சலில் மீன் விற்கும் அம்மாவின் மகளுக்கு அந்தக் கேள்வி புதிதாக இருக்காது. தினமும் சாயங்காலம் வாசலில் வந்து நிற்பவரின் சிட்டையில் அதைப் பார்த்திருப்பாள்.