மின்குமிழ்ப் பெட்டியில் உள்ள ‘எஃப்’ எதைச் சொல்கிறது?

ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 2021 செப்டெம்பர் 1 முதல் மின்குமிழ்ப் பெட்டிகளில் மின்சாரச் சிக்கனத்தை ‘ஏ’ முதல் ‘ஜி’ வரை எழுத்தால் காட்டும் வேறு லேபல் வந்துவிட்டது. அதுவரை ‘ஏ பிளஸ்’ என்று பச்சையில் விற்ற அதே எல்ஈடி குமிழ், இப்போது செம்மஞ்சளில் ‘எஃப்’ என்றோ சிவப்பில் ‘ஜி’ என்றோ நிற்கிறது. மட்டமான சரக்கு என்று நினைத்து அதைத் திருப்பி வைக்கத் தேவையில்லை. குமிழ் அதேதான், அளவுகோல்தான் மாறியது.

எல்ஈடி பரவியபின் பழைய அளவுகோலில் நல்லதும் சுமாரானதும் மேல் வகுப்புகளிலேயே வந்து குவிந்தன. அதனால் 2017ஆம் ஆண்டின் லேபல் சட்டம், புது அளவுகோல் தொடங்கும்போது ‘ஏ’ வகுப்பில் எந்தப் பொருளும் இருக்காத அளவுக்கு அதைக் கடினமாக வைக்கச் சொன்னது.

கணக்கு எளிது. குமிழ் தரும் ஒளியை லூமெனில் அளக்கிறார்கள். அதை, எரியும்போது இழுக்கும் வாற்றால் வகுக்கிறார்கள். ஒரு வாற்றுக்கு 210 லூமெனோ அதற்கு மேலோ வந்தால் ‘ஏ’. அதிலிருந்து ஒவ்வொரு எழுத்துக்கும் 25 குறையும்: ‘பி’ 185, ‘சி’ 160, ‘டி’ 135, ‘ஈ’ 110, ‘எஃப்’ 85. அதற்கும் கீழே எல்லாம் ‘ஜி’. பழைய 60 வாற் இழைக் குமிழுக்கு ஈடாக விற்கப்படும் 806 லூமென் எல்ஈடி 8 வாற் எடுத்தால், வாற்றுக்கு ஏறக்குறைய 101 லூமென். அது ‘எஃப்’.

ஒரு பக்கமாக ஒளி வீசும் ஸ்பொட் விளக்குகளுக்குக் கணக்கு கொஞ்சம் வேறு. அவற்றில் சிதறிப்போகும் ஒளியைச் சேர்ப்பதில்லை. குறிப்பிட்ட கோணத்துக்குள் விழுவதை மட்டும் எண்ணுகிறார்கள். அதற்கு ஈடாக, நேரடியாக வீட்டு மின்சாரத்தில் எரிபவற்றின் விடையை 1.176ஆல் பெருக்குகிறார்கள். 4.5 வாற்றில் 345 லூமென் தரும் ஸ்பொட் வெறும் வகுத்தலில் 77 வாங்கி ‘ஜி’யில் விழும், பெருக்கியபின் 90 ஆகி ‘எஃப்’ஐப் பிடிக்கும்.

எழுத்து திறனைச் சொல்லும், செலவைச் சொல்லாது. செலவுக்கு லேபலின் கீழ்ப்பக்கம் பாருங்கள்: 1000 மணித்தியாலத்துக்கு எத்தனை கிலோவாற் மணி என்று, அடுத்த முழு எண்ணுக்கு உயர்த்தி, ஓர் எண் இருக்கும். 7.2 வாற்றில் 1521 லூமென் தரும் பெரிய குமிழ் ‘ஏ’ வகுப்பு, எண் 8. 4.9 வாற்றில் 470 லூமென் தரும் சின்னக் குமிழ் ‘எஃப்’, எண் 5. படுக்கையறைக்கு 470 போதுமென்றால் ‘எஃப்’ வாங்குவதே சிக்கனம். முதலில் எத்தனை லூமென் வேண்டும் என்று முடிவெடுங்கள். எழுத்தை அதே லூமென் உள்ள குமிழ்களுக்கிடையில் மட்டும் ஒப்பிடுங்கள்.

எரிந்துகொண்டிருக்கும் ‘எஃப்’ஐக் கழற்றி எறிந்துவிட்டு ‘ஏ’ போடலாமா? ஒரு யூனிட், அதாவது ஒரு கிலோவாற் மணி, 30 சென்ட் என்று வைத்துக்கொள்வோம். 8 வாற்றுக்குப் பதில் 4 வாற் போட்டால் 1000 மணித்தியாலத்துக்கு 1.20 யூரோ மிச்சம். நாளுக்கு மூன்று மணித்தியாலம் எரியும் வீட்டு விளக்கில் அதற்கு ஏறக்குறைய ஒரு வருடம் பிடிக்கும், அவசரமில்லை. நாளுக்கு 12 மணித்தியாலம் நாற்பது குமிழ் எரியும் கடையென்றால் வருடத்துக்கு 210 யூரோ. கடைக்காரர் யோசிக்கத்தான் வேண்டும். வீட்டில் எங்காவது பழைய 60 வாற் குமிழ் இன்னும் தொங்கினால் அதைக் கழற்றுவதுதான் முதல் வேலை, அதற்கு 1000 மணித்தியாலத்தில் 18 யூரோ போகிறது.

கைபேசியால் இயக்கும் ஸ்மார்ட் குமிழ்களில் எனக்கு ஒரு குறை உண்டு. எழுத்தும் கிலோவாற் மணியும் எரியும் நேரத்துக்கு மட்டுமே. அணைந்திருக்கும்போதும் அவை வைஃபையோடு பேசிக்கொண்டு மின்சாரம் எடுக்கின்றன. அதற்கு விதி அனுமதிக்கும் உச்சம் 0.5 வாற். வருடத்தில் 1000 மணித்தியாலம் எரிந்து மீதி 7760 மணித்தியாலம் அந்த உச்சத்தில் காத்திருந்தால் 3.9 யூனிட். 4 வாற் குமிழ் எரிவதற்கு எடுக்கும் அளவேதான்! இது லேபலின் முகத்தில் வராது.

அதைப் பார்க்க லேபலில் உள்ள கியூஆர் குறியைக் கைபேசியால் படம்பிடித்தால் ‘எப்ரெல்’ என்ற ஐரோப்பியத் தரவுத்தளம் திறக்கும். காத்திருப்பு வாற், ஒளியின் நிற வெப்பநிலை, பொருட்களின் நிறத்தை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதெல்லாம் அங்கே இருக்கும். குமிழ் உள்ளேயே பொருத்தப்பட்ட தொங்குவிளக்கு, சுவர்விளக்கு ஆகியவற்றுக்குத் தனி லேபல் இப்போது கிடையாது. உள்ளே இருக்கும் ஒளிமூலம் எந்த வகுப்பு என்று ஒரு வரி மட்டும் இருக்கும். அந்த எழுத்து உள்ளே இருக்கும் ஒளிமூலத்துக்குரியது. கூட்டின் கண்ணாடியும் துணியும் விழுங்கும் ஒளி அதில் சேராது.