மீனை வாயில் கவ்வாதீர்கள்

ஜனவரி 28 வாக்கில் மேட்டூர் அணையை மூடினார்கள் என்றால் எனக்கு வயிற்றைக் கலக்க ஆரம்பித்துவிடும். வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி எல்லாம் ஓட்டம் நின்று, சட்ரஸுக்கு, அதாவது மதகுக்குக் கீழேயும் பாலத்தடியிலும் மட்டும் இடுப்பளவு தண்ணீர் தேங்கும். ஊர்ப் பிள்ளைகள் இறங்கிச் சேற்றைத் தடவி மீன் பிடிப்பார்கள். பிறகு ஒரு நாள் இரவு, காது மூக்கு தொண்டை டாக்டரான எனக்குப் போன் வரும்.

போன வாரமும் வந்தது. பைக்கில் இரண்டு பேருக்கு நடுவில் உட்காரவைத்துக் கொண்டுவந்தார்கள். இருபது வயதுகூட இருக்காது. படுக்கவைத்தால் மூச்சு முட்டுகிறது, அதனால் முன்னால் குனிந்தே இருந்தான். வாயிலிருந்து ரத்தம் கலந்த எச்சில் சட்டையெல்லாம் வடிகிறது. வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்தால் பிய்ந்துபோன வால் துடுப்பு. கூட வந்த மாமா பெருமையாகவே சொன்னார்: “நாங்களும் விடாம இழுத்துப் பாத்தோம் சார்.”

நடப்பது எப்போதும் ஒன்றுதான். கையில் ஒரு மீன் இருக்கும்போது காலடியில் இன்னொன்று நெளியும். அதைப் பிடிக்க இரண்டு கையும் வேண்டும். முதல் மீனைக் கரைக்குக் கொண்டுபோகச் சோம்பல், பல்லில் கவ்விக்கொண்டு குனிவார்கள். மீன் ஒரு துள்ளு துள்ளித் தொண்டைக்குள் போய்விடும். சரி, அது எந்த மீன்? விராலா, ஜிலேபியா? என்னிடம் வருவதில் பெரும்பாலும் பனையேறிக் கெண்டைதான்.

இந்த மீனின் சரித்திரமே நம் பக்கம்தான். 1791-இல் தரங்கம்பாடியில் டேனிஷ் கம்பெனிப் படை அதிகாரி டால்டார்ஃப், குளத்தங்கரைப் பனைமரத்தில் தண்ணீருக்கு ஐந்தடி மேலே இதைப் பிடித்ததாக எழுதினார். 1797-இல் லண்டனின் இயற்கை ஆராய்ச்சி அமைப்பான லின்னேயன் சங்கம் அதை வெளியிட்டது. பனை ஏறுமா ஏறாதா என்று மீன் ஆராய்ச்சிக்காரர்கள் சண்டை போட்டுக்கொள்ளட்டும். அவர் எழுதியதில் எனக்கு முக்கியமானது ஒன்றுதான்: செவுள் மூடியை விரித்து மரப்பட்டையில் மாட்டிக்கொண்டு தொங்கியதாம். அந்த மூடியின் ஓரம் அரம் மாதிரி இருக்கும். அதே மூடியைத்தான் உங்கள் தொண்டையிலும் விரிக்கிறது. காற்றையும் சுவாசிக்கிற மீன், சீக்கிரம் சாகவும் சாகாது.

இப்போது என்னை மிகவும் எரிச்சல்படுத்தும் விஷயத்துக்கு வருகிறேன். “வழுக்குற மீன்தானே, வாலைப் பிடிச்சு இழுத்தா வந்துடும்.” வராது ஐயா. மடக்கிய குடையை ஒரு குழாய்க்குள் விட்டு, உள்ளே போனதும் விரித்துவிட்டுப் பிடியைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். கம்பி குழாயில் குத்தி நிற்கும். தலை முன்னால் போன மீனின் செவுளும் முதுகு முள்ளும் அப்படித்தான், எல்லாம் பின்பக்கம் சாய்ந்தவை. உள்ளே வழுக்கும், வெளியே கிழிக்கும். ஒவ்வொரு இழுப்புக்கும் இன்னும் கொஞ்சம் விரியும். தொண்டை வீங்கும், இருக்கிற கொஞ்ச நஞ்ச மூச்சு வழியும் அடையும். கடைசியில் வால்தான் கையோடு வரும். நம்பிக்கை இல்லையென்றால் அடுத்த முறை மீன் ஆயும்போது வாலிலிருந்து தலைப்பக்கமாகக் கையை ஓட்டிப் பாருங்கள்.

இன்னொரு கூட்டம் சோற்று உருண்டை ஊட்டும். மீன் முள் குத்தினதுக்கே நான் அதைச் சொல்லமாட்டேன். இது முழு மீன், அதுவும் உயிரோடு.

அந்தப் பையனுக்குக் கழுத்தில் துளை போட்டு மூச்சுக்கு வழி செய்துவிட்டுத்தான் வாய்ப்பக்கமே போனோம். முள்ளை ஒவ்வொன்றாக நறுக்கி, மீனைத் துண்டு துண்டாக எடுத்தோம். எங்கள் மயக்க மருந்து டாக்டர் இந்த மாதிரிக் கேஸ் என்றால் போனிலேயே பெருமூச்சு விடுவார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. மறுநாள் பேச முடியாத பையன் ஒரு தாளில் எழுதிக் கேட்டான்: “மிச்ச மீன யாரு எடுத்தா?”

பெரியவர்கள் இடுப்பில் மீன் போடும் பறி கட்டிக்கொண்டு இறங்கியது அழகுக்கு இல்லை. ஓலைப் பறி கிடைக்கவில்லையா, அரிசிச் சாக்கைக் கட்டுங்கள். மிதக்கும் குடமும் போதும். ஒரு மீன் தப்பினால் தப்பட்டும். தூண்டில் போடுகிறவர்களுக்கும் இதேதான், புழு கோக்கும் நேரத்தில் மீனை வாயில் பத்திரப்படுத்தாதீர்கள். தேளி மீன் முள் குத்தினால் சுண்ணாம்பு வேண்டாம், பொறுக்கும் சூட்டு வெந்நீரில் அரை மணி நேரமாவது வைத்துவிட்டு வாருங்கள். தூண்டில் முள் கையில் ஏறினால் பிடுங்காதீர்கள். தயவுசெய்து சின்னப் பிள்ளைகளைத் தனியாக மடுவுக்கு அனுப்பாதீர்கள்.

தொண்டையில் மாட்டியே விட்டதென்றால், ஆளை உட்காரவைத்து முன்னால் குனியவிடுங்கள், படுக்கவைக்காதீர்கள். பேச்சும் இருமலும் மூச்சும் அடியோடு நின்றால் மட்டும் தோள்பட்டைகளுக்கு நடுவில் ஐந்து முறை ஓங்கித் தட்டுங்கள். அசையவில்லையா, பின்னாலிருந்து கட்டிப்பிடித்து தொப்புளுக்கு மேலே உள்ளும் மேலுமாக ஐந்து முறை அழுத்துங்கள், மாற்றி மாற்றி. அதற்குள் ஒருவர் 108-ஐக் கூப்பிட்டு, “மீன் தொண்டையில் மாட்டியிருக்கிறது” என்று அப்படியே சொல்லட்டும், நாங்கள் தியேட்டரைத் தயார் செய்துவைப்போம். வால் வெளியே தெரிந்தால் அதை விட்டுவிடுங்கள். எங்களுக்குப் பிடிக்க அது ஒன்றுதான் இருக்கிறது.