ஆரஞ்சு டான்சிலும் வெள்ளணுக் கணக்கும்

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், செசபீக் விரிகுடாவுக்குள் டேஞ்சியர் என்றொரு குட்டித் தீவு இருக்கிறது. நண்டு பிடிப்பதுதான் அங்கே முக்கியப் பிழைப்பு. 1960 வாக்கில் அந்தத் தீவுச் சிறுவன் ஒருவனின் டான்சிலைப் பார்த்த டாக்டர்கள் குழம்பிப் போனார்கள். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டியது ஆரஞ்சு கலந்த மஞ்சளாக இருந்தது. அவனுடைய சகோதரிக்கும் அப்படியே. அமெரிக்க மருத்துவ ஆய்வாளர் டொனால்ட் ஃபிரெட்ரிக்சன் குழுவினர் ரத்தத்தைச் சோதித்தபோது, நல்ல கொழுப்பு என்று நாம் சொல்லும் எச்.டி.எல். கிட்டத்தட்ட இல்லவே இல்லை. டான்சிலில் இருந்த மேக்ரோஃபேஜ் செல்கள் கொலஸ்ட்ராலால் புடைத்திருந்தன.

மேக்ரோஃபேஜ் என்பது வெள்ளணு வம்சம். ரத்தத்தில் ஓடும் மோனோசைட் திசுவுக்குள் இறங்கினால் மேக்ரோஃபேஜ் ஆகிறது. செத்த செல், கிருமி, கெட்டுப்போன கொழுப்பு என்று எது கிடைத்தாலும் விழுங்கும். ஆனால் விழுங்கிய கொலஸ்ட்ராலை அதனால் எரிக்க முடியாது. வெளியே தள்ளத்தான் முடியும். செல் சவ்வில் உள்ள ஏபிசிஏ1 என்ற பம்ப் அதை வாசல்வரை கொண்டுவரும், எச்.டி.எல். என்ற குப்பை வண்டி கல்லீரலுக்கு ஏற்றிச் செல்லும். அந்தப் பிள்ளைகளுக்குப் பழுது இந்தப் பம்பில்தான். அதற்கான மரபணு 1999-ல் பிடிபட்டது.

சரி, டான்சிலை விடுவோம். இதே பம்ப் எலும்பு மஜ்ஜையிலும் உண்டு. வெள்ளணுக்கள் உற்பத்தியாகும் இடமே அதுதான்.

2010-ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஆலன் டால் குழுவினர், ஏபிசிஏ1 பம்பும் அதன் பங்காளியான ஏபிசிஜி1-ம் இல்லாத மஜ்ஜையை எலிகளுக்குப் பொருத்திப் பார்த்தார்கள். வெள்ளணுக்கள் எக்கச்சக்கமாக ஏறின. காரணம் சுவாரசியமானது. மஜ்ஜையில் ரத்த அணுக்களுக்குத் தாயான ஸ்டெம் செல்லின் சவ்வில் கொலஸ்ட்ரால் தேங்கினால், ‘பெருகு’ என்ற உத்தரவை வாங்கும் ஏற்பிகள் அங்கே கூடுகின்றன. வரும் உத்தரவு பழைய அளவுதான். கேட்கும் காதுதான் கூர்மையாகிவிடுகிறது. எச்.டி.எல்லை அதிகப்படுத்திய எலிகளில் இந்தப் பெருக்கம் அடங்கியது.

இப்படிப் பெருகும் மோனோசைட்டுகளில் ஒரு பங்கு தமனிச் சுவருக்குள் நுழைந்து, அங்கே சிக்கிய, கெட்ட கொழுப்பு என்று நாம் சொல்லும் எல்.டி.எல்லை விழுங்கி, நுரை செல்லாக உப்பி, அடைப்புக்கு அடித்தளம் போடுகிறது. நுரை செல் புதிய சங்கதி அல்ல. முயல்களுக்குக் கொலஸ்ட்ரால் ஊட்டி, ரஷ்யாவில் நிகோலாய் அனிச்கோவ் 1913-லேயே பார்த்துவிட்டார்.

மனிதர்களிலும் டிரைகிளிசரைடு என்ற இன்னொரு ரத்தக் கொழுப்பு அதிகமாகவும் எச்.டி.எல். குறைவாகவும் இருப்பவர்களுக்கு வெள்ளணு எண்ணிக்கை சற்றுக் கூடுதலாக இருப்பது அடிக்கடி தென்படுகிறது. ஆனால் புகைபிடிப்பதும் தொப்பையும்கூட ஒரே நேரத்தில் வெள்ளணுவை ஏற்றி எச்.டி.எல்லை இறக்கும். அதனால் எது எதை இழுக்கிறது என்று ஒரு ரிப்போர்ட்டை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. எச்.டி.எல்லை மருந்தால் ஏற்றினால் போதும் என்ற கனவும் பலிக்கவில்லை. டார்செட்ராபிப் என்ற மருந்து அதை நன்றாகவே ஏற்றியது. ஆனால் சாப்பிட்டவர்களிடையே மரணங்கள் கூடியதால் 2006-ல் சோதனையையே நிறுத்தினார்கள்.

கயிற்றை எதிர்ப் பக்கத்திலிருந்தும் இழுக்கலாம். கடுமையான தொற்று வந்தால் எல்.டி.எல்., எச்.டி.எல். இரண்டும் இறங்கும், டிரைகிளிசரைடு ஏறும். இதில் உடலுக்கு ஒரு லாபமும் உண்டு: கொழுப்புத் துகள்கள் பாக்டீரியா நச்சின் மேல் ஒட்டி, அதன் வீரியத்தைக் குறைக்கின்றன.

என் சித்தப்பா நிமோனியாவில் படுத்திருந்தபோது, எடுக்கிறதோடு எடுக்கட்டும் என்று லிப்பிட் புரொஃபைல் என்ற ரத்தக் கொழுப்புச் சோதனையும் எடுத்தார்கள். வெள்ளணு 16,800. சாதாரணமாக 4,000-லிருந்து 11,000-க்குள் இருக்க வேண்டும். எல்.டி.எல். 71. அவர் கண்ணுக்கு இரண்டாவது எண் மட்டும்தான் பட்டது. “பாத்தியாடா, பத்தியமே இல்லாம இறங்கிடுச்சு!” டாக்டர் சிரித்துவிட்டு, உடம்பு தேறியதும் மறுபடி எடுங்கள் என்றார். இரண்டு மாதம் கழித்து வெள்ளணு 7,200. எல்.டி.எல். 146.